வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கௌனாக்

பனிக்கடலின் விளிம்பில், மரம் என்று ஒன்றும் முளைக்காத மண்ணில், முந்நூறு பேர் குடியிருக்கும் தாசிக் என்ற இனுவிட் ஊரில், படங்களுக்குள் இருந்த பெரியவர்கள் பேச்சை நிறுத்தியது மார்ச் மாதத்து முதல் வியாழக்கிழமை, ஊர் ரேடியோவில் பிங்கோ என்ற எண் விளையாட்டு நடந்துகொண்டிருந்த சாயங்காலத்தில். முதலில் நிறுத்தியவர் லீவாயின் அப்பா. அவர் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, யானை போலத் தந்தம் நீண்ட வால்ரஸ் என்ற கடல்மிருகத்தை எப்படிக் குத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஓங்கிய கையை ஓங்கியபடியே வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். படம் உறைந்துபோகவில்லை. அவர் மூச்சு விட்டார், கண் சிமிட்டினார், கை வலித்தபோது இன்னொரு கையை ஓங்கிக்கொண்டார். லீவாய் பெட்டியைத் தட்டினான், ஒயரைப் பிடுங்கிச் செருகினான், பிறகு பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்தான். அங்கே செத்துப்போன ஓர் அத்தை கோத்த ஊசியைக் கையில் பிடித்தபடி அதேமாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிங்கோ முடிவதற்குள், ஊரார் இருபத்திரண்டு வருடமாக எடுத்து வைத்திருந்த எல்லாப் படங்களிலும், நாற்பத்து மூன்று பெரியவர்களும், ஆளுக்கொரு வாக்கியத்தின் பாதியில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஊரில் யாரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் பேச்சை நிறுத்தினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், யாரோ மரியாதைக் குறைவாக நடந்திருப்பார்கள், அது யார் என்பதுதான் கேள்வி.

அது தான்தான் என்று ரோடாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ரோடாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஊர்ப் படக்குழுவை ஆரம்பித்த ஐந்து பேரில் மிஞ்சியவள் அவள் ஒருத்தி. கேமராவைப் பிடிப்பதும் அவள்தான், எடுத்ததை வெட்டி ஒட்டுவதும் அவள்தான். அந்த ஊரில் கதை சொல்கிறவர் கொஞ்சம் சொல்லிவிட்டு நிறுத்துவார். கேட்கிறவர் புருவத்தை உயர்த்தினால் ஆமாம், புரிந்தது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். மூக்கைச் சுருக்கினால் இல்லை என்று அர்த்தம். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. குளிரில் வெளியே நின்று பேசும் ஆட்களுக்கு அது சௌகரியம். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவளின் புருவம் யாருக்குத் தெரியும். முதல் படம் எடுக்கப் போனபோது ஒரு கிழவி நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு, "இந்தக் கண்ணாடிக்கு முகமே இல்லையே, நான் யாருகிட்ட சொல்றது?" என்று எழுந்து டீ போடப் போய்விட்டாள். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. யாரைப் படமெடுத்தாலும் கேமராவை ஒட்டி ஒரு முக்காலி போட்டு மார்க்கூசியை உட்காரவைப்பார்கள். ரோடாவின் அம்மாவுக்கு அவர் தம்பி முறை. பழைய முகாம்களில் பிறந்து வளர்ந்தவர், பழைய பேச்சு முழுக்கத் தெரிந்தவர். அவர் புருவத்தை உயர்த்துவார், ம் கொட்டுவார், இருமுவார், தொடையில் தட்டிச் சிரிப்பார், பெரியவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார்கள்.

படங்களைத் தெற்கே ஒரு தொலைக்காட்சி நிலையம் வாங்கிக்கொண்டது. இருபத்துநான்கு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினார்கள். குறுக்கே இருமுகிற அந்த ஆள் யார் என்றும் எழுதினார்கள். ரோடா மார்க்கூசியை வெட்டினாள். ஒரு ம் விடாமல், ஒரு இருமல் விடாமல், பெரியவர் காத்திருந்த நிமிடங்களையும் சேர்த்து, இருபத்திரண்டு வருடம் பொறுமையாக வெட்டினாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று பதில் வந்தது. டேப் தட்டுப்பாடு, ஆகவே வெட்டாத மூலங்களின் மேலேயே கல்யாணங்களையும் ஹாக்கிப் பந்தயங்களையும் பதிந்தார்கள். கடைசியில் நாற்பத்து மூன்று பேரும் யாரும் கேட்காத இடத்தில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் ஆனார்கள், எவ்வளவு நாள்தான் ஒருவர் அப்படிப் பேசுவார்.

இரண்டு நாள் கழித்து மார்க்கூசி டீ குடிக்க லீவாய் வீட்டுக்குப் போனார். அவருக்கு எண்பத்தொரு வயது, இடது காது கேட்காது. பெட்டிக்குள் கையை ஓங்கிக்கொண்டிருந்த பழைய கூட்டாளியைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், புருவத்தை உயர்த்தி ம் என்றார். லீவாயின் அப்பா கையை இறக்கினார், கதையைத் தொடர்ந்தார், படம் முடிகிற இடம் வந்தும் முடிக்காமல் அதைத் தாண்டிச் சொன்னார். உயிரோடு இருந்தபோது யாரிடமும் சொல்லாத ஒரு பட்டினி வருடத்தைப் பற்றி, அந்த வருடம் இறைச்சியைக் கல்லடுக்கிப் புதைத்து வைத்த இடத்தைப் பற்றி, மூன்று மணி நேரம் சொன்னார். மார்க்கூசி அதை எடுத்துச் சொல்லக் கேட்டு லீவாய் அழுதான். அடுத்த வீட்டுக்காரி வாசலிலேயே நின்று மார்க்கூசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் ஊர் தன் வேலைகளை இதற்கேற்ப மாற்றிக்கொண்டது. கடை வாசல் பலகையில் ஒரு தாளை ஒட்டி, மார்க்கூசி எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று எழுதினார்கள். ரேடியோவில் காலை அறிவிப்போடு அதையும் சேர்த்துச் சொன்னார்கள்: இன்று மார்க்கூசி எலிசாப்பி வீட்டில், தயவுசெய்து அந்தப் பக்கம் பனிவண்டி ஓட்டாதீர்கள், நாய்களைத் தள்ளிக் கட்டுங்கள். பிங்கோவை நிறுத்தினார்கள். பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கினார். பெட்டியை அணைப்பது பெரியவரின் முகத்தில் கதவைச் சாத்துவது போலாகும் என்பதால் யாரும் அணைக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் டீயும் நறுக்கிய கடல்நாய்க் கறியும் வைத்தார்கள், ஆறியதும் எடுத்து மறுபடி சூடாக வைத்தார்கள். தெற்கே ஒரு அருங்காட்சியகத்திலும் ஒரு பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பதாகவும், அங்கே பெட்டியில் பழுது என்று அட்டை தொங்கவிட்டிருப்பதாகவும் கடிதம் வந்தது. அந்தப் பெரியவரை நினைத்துத்தான் ஊர் அதிகம் வருத்தப்பட்டது.

காத்திருக்க முடியாதவர்கள் தாங்களே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து புருவத்தை உயர்த்திப் பார்த்தார்கள். பெரியவர்களை ஏமாற்ற முடியவில்லை. ஊசி பிடித்திருந்த அத்தை, மருமகன் சும்மா புருவம் தூக்குவதைச் சந்தேகப்பட்டு, இனிய குரலில் ஏதோ சொன்னாள். அவன் பவ்யமாகப் புருவத்தை உயர்த்தினான். பிறகு மார்க்கூசி வந்து கேட்டுச் சொன்னார்: "உன் மூஞ்சி நாய் மூத்திரத்துல விழுந்த மாதிரி இருக்கு, சரிதானேன்னு கேட்டிருக்கா. நீ ஆமான்னிருக்கே."

ஊர் ஒரு வாரம் சிரித்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பழைய பேச்சு முழுதாகத் தெரிந்த காது ஊரிலேயே ஒன்றுதான், அதுவும் வலது காது மட்டும்தான் என்பது எல்லோருக்கும் உறைத்துவிட்டது. மற்றவர்களின் பேச்சை அரசாங்கப் பள்ளிக்கூடம் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. சாப்பாடு, தூக்கம், கதவு, நாய் என்று வீட்டுக்குள் புழங்குகிற அளவுக்கு மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

பலகையில் ரோடாவின் பெயர் கடைசியில் இருந்தது. அவளே கடைசியில்தான் எழுதினாள். வெட்டியவள் முன்வரிசையில் நிற்க முடியாது.

அவளுடைய அம்மா கௌனாக் செத்து மூன்று வருடம். சாவதற்கு முன் ஒரே ஒரு நாள் கேமராவுக்கு முன் உட்கார்ந்தாள். ரோடா பிறப்பதற்கு முன் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கோடையில் வெள்ளைக் கப்பல் ஒன்று வந்தது. எல்லோருக்கும் நெஞ்சைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். கௌனாக்கின் மூத்த பிள்ளைக்கு, நான்கு வயதுப் பையனுக்கு, நெஞ்சில் நோய் என்று தெற்கே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். சீக்காளிப் பிள்ளைக்குப் புதுப் பெயர் வைத்தால் அந்தப் பெயரின் பலம் பிள்ளையைத் தாங்கும் என்பது வழக்கம், ஆகவே கௌனாக் கரையில் குனிந்து அவன் காதில் ஒரு புதுப் பெயரைச் சொன்னாள். கூட நின்றவர்கள் குனிந்ததைத்தான் பார்த்தார்கள், பெயரைக் கேட்கவில்லை. அரசாங்கம் அவன் கழுத்தில் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கட்டியிருந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த கடிதத்தில் அந்த எண்ணும், இறந்தான் என்ற ஒரு சொல்லும் இருந்தன. எங்கே புதைத்தார்கள் என்று இல்லை. கௌனாக் அந்தக் கடிதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. எண்தானே செத்தது என்றாள். செத்தவர் பெயரைத்தான் புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு வைப்பார்கள், ஆணோ பெண்ணோ, அந்தப் பிள்ளையைச் செத்தவரின் உறவுமுறை சொல்லியே கூப்பிடுவார்கள். பெயரைச் சொன்னால் அவன் செத்துப்போனான் என்று ஆகும். ஆகவே அறுபது வருடம் அதைச் சொல்லவே இல்லை. படத்திலும் கப்பல் வரைக்கும் வந்துவிட்டு, மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

பெரியவர்கள் பேச்சை நிறுத்திப் பத்து நாள் ஆனபோது, ரோடாவின் மகள் நிவி தெற்கே பிரசவம் முடித்து விமானத்தில் வந்து இறங்கினாள், பெண் குழந்தையோடு. குழந்தை அழுதது. பால் குடிக்க வாயை வைக்கும், இரண்டு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு அழும். ஊர்க்காரர்களுக்கு இதில் மர்மம் ஒன்றும் இல்லை, தன் பெயர் கிடைக்காத குழந்தை அப்படித்தான் செய்யும். கௌனாக்கின் பெயரை வைத்துப் பார்த்தார்கள், நிவியுடைய அப்பாவின் பெயரை வைத்தார்கள், பனியில் விழுந்த ஒரு மாமன் பெயரை வைத்தார்கள். மூன்றையும் குழந்தை ஏற்கவில்லை. அப்போதுதான் நிவி, கர்ப்பத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்ததைச் சொன்னாள்: தெரியாத ஒரு பையன், பனிக்குத் தோதில்லாத மெல்லிய சப்பாத்து போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறான்.

"நீ என்ன சொன்னே?" என்று ரோடா கேட்டாள்.

"வான்னு சொன்னேன். யாருன்னு கேட்டா முழிக்கிறான். அவனுக்கே தெரியல போல."

அன்றைக்கு ரோடா தன் தடவைக்குக் காத்திராமல் அம்மாவின் படத்தைப் போட்டாள். அவளும் நிவியும் நிவியின் புருஷனும் குழந்தையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். கௌனாக் கப்பல் வரைக்கும் சொல்லி நிறுத்தியிருந்தவள், இவர்களைப் பார்த்ததும் முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பழைய பேச்சில், சின்னதாக ஒரு வாக்கியம் சொல்லிக் காத்திருந்தாள். ஒரு சொல்கூட இவர்களுக்குப் புரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து புருவத்தை உயர்த்தினார்கள்.

கௌனாக் நம்பினாள். மற்ற வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் பொய்யைக் கண்டுபிடித்துத் திட்டியிருக்க, இவள் மட்டும் நம்பினாள். முகம் அப்படியே மலர்ந்தது, இரண்டு கையாலும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, மேலங்கியின் மடிப்பை நீவிவிட்டு, இடது பக்கம், படத்துக்குள் வாசல் இருந்த பக்கம், திரும்பி உட்கார்ந்தாள். பிறகு பேசவில்லை.

"பாட்டிக்கு நம்ம மேல பாசம்மா. நாம சொன்னா ஏத்துக்கறா," என்றாள் நிவி.

அப்படித்தான் நினைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் திரும்பிப் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தார்கள். படத்தை முதலிலிருந்து போட்டாலும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காலையில் டீ வைத்தார்கள், அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதது, அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் வந்து, வெளிச்சம் நீண்டு, கூரைப் பனி சொட்ட ஆரம்பித்தது. நாற்பது நாள் அந்த முகத்தில் சந்தோஷம் ஒரு பொட்டுக் குறையவில்லை.

குழந்தைக்கு ஏழு வாரம் ஆனபோது எடை பிறந்த அன்றைக்கு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஊர் மருத்துவ நிலையத்தில் இருந்த நர்ஸ் தெற்கிலிருந்து வந்தவள், நல்லவள், மூன்று தடவை நிறுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை விமானத்தில் குழந்தையைத் தெற்கே அனுப்ப வேண்டும் என்றாள். பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுத என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றதும் பரவாயில்லை என்று சொல்லி, குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். அதில் எண் இருந்தது.

ரோடா அங்கிருந்து நேரே ரேடியோ நிலையத்துக்குப் போனாள். அது ஒரு அறை, ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், யார் வேண்டுமானாலும் போன் பண்ணிப் பதில் சொல்லலாம். அவள் தான் வெட்டியதைச் சொன்னாள். ஊருக்கே தெரிந்ததுதான், ஆனாலும் அவள் வாயால் அதுவரை சொன்னதில்லை. குழந்தையைப் பற்றிச் சொன்னாள். யாராவது தங்கள் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். ரொம்ப நேரம் போன் அடிக்கவில்லை. பிறகு லீவாய் கூப்பிட்டான்.

"எங்கப்பா இறைச்சி பொதச்ச எடத்துல பாதியில நிக்கிறாரு. நாளைக்குத்தான் எங்க ரெண்டாவது முறை," என்றான். "இருபத்திரண்டு வருஷம் கத்திரிச்சியே, அந்தக் கத்திரிக்கோலக் கேளு, அது சொல்லும்."

"நெசம்தான் லீவாய்," என்றாள் ரோடா. அவனும் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவதை ஊர் முழுக்கக் கேட்டது. "புள்ள எவ்வளவு எடை?" என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் வைத்துவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம் லீவாய் தன் பனிவண்டியில் சறுக்குவண்டியைப் பூட்டி, அதில் மார்க்கூசியைக் கரடித்தோலில் சுற்றிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். கிழவருக்கு இருபத்தொன்பது வீட்டில் ம் கொட்டியதில் தொண்டை போயிருந்தது, புருவம் ஒன்று தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. லீவாய் அவரைத் தூக்கி வந்து பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, ரோடாவின் முகத்தைப் பார்க்காமல் கதவோரம் நின்றான்.

மார்க்கூசி கௌனாக்கைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, முடியைச் சீவி, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தவளை ரொம்ப நேரம் பார்த்தார். "அக்கா," என்றார். கௌனாக் தலையைத் திருப்பாமலே, சிரித்தபடி, அந்தப் பழைய வாக்கியத்தை மெல்ல இன்னொரு தடவை சொன்னாள்.

"யாரு ஆமான்னது?" என்று மார்க்கூசி கேட்டார்.

நிவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

"எம் புள்ள கப்பல்ல திரும்பி வந்துட்டானான்னு கேக்குறா," என்றார். "யாரு இவகிட்ட ஆமான்னு சொன்னது?"

நிவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ரோடா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நாள் டீயை ஆற்றி ஆற்றி வைத்து, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத் தானும் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"மாமா, இல்லைன்னு நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"நான் சொல்ல முடியாது."

"குழந்தையப் பாத்தீங்கல்ல."

"பாத்தேன். அன்னிக்குக் கரையில இவ பக்கத்துல நின்னவன் நான். எனக்குப் பதினேழு வயசு. வசந்தத்துக்குள்ள வந்துடுவான் அக்கா, அழாதேன்னு சொன்னது நான்தான். இப்ப இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எப்படிம்மா மூக்கச் சுருக்குவேன்?" அவர் தன் நல்ல காதைத் தேய்த்துக்கொண்டார். "அவ எங்கிட்டயா கேட்டா? இந்த வீட்டுக்கிட்ட கேட்டா. இந்த வீடு ஆமான்னுச்சு. இந்த வீடுதான் மாத்திச் சொல்லணும்."

ரோடா பெட்டிக்கு முன்னால் முட்டி போட்டு நகர்ந்தாள், முகம் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு. அம்மாவைப் படமெடுத்த அன்றைக்கு இருவருக்கும் நடுவே கேமரா இருந்தது, இப்போது இல்லை. அம்மா என்று கூப்பிட்டாள். கௌனாக் திரும்பினாள், இன்னும் சிரித்துக்கொண்டு. ரோடா மூக்கைச் சுருக்கினாள்.

கௌனாக்குக்குப் புரியவில்லை. அதே வாக்கியத்தை, குழந்தைக்குச் சொல்வதுபோல, சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்டாள். ரோடா மறுபடி மூக்கைச் சுருக்கினாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் மூக்கின் மடிப்பில் தேங்கி வாயில் இறங்கும் வரைக்கும் அதை எடுக்கவில்லை.

அந்த முகத்திலிருந்து சந்தோஷம் போனதை யாரும் நேராகப் பார்க்கவில்லை. மார்க்கூசி தரையைப் பார்த்தார், லீவாய் கதவைப் பார்த்தான். ரோடா மட்டும் பார்த்தாள், பார்க்க வேண்டியவள் அவள் என்பதால். கௌனாக் வாசலைப் பார்ப்பதை விட்டாள். மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். பெட்டிக்குள் ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. பிறகு அவள் ஒரே ஒரு சொல் கேட்டாள். அதற்கு மார்க்கூசி தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் விட்டுவைத்த சொற்களில் ஒன்று அது, தினமும் மூன்று வேளை ரோடாவைப் பார்த்து அம்மா கேட்ட சொல்.

"சாப்பிட்டானா?"

ரோடாவுக்குத் தெரியாது. கடிதத்தில் எண்ணும் ஒரு சொல்லும்தான் இருந்தன. எந்த ஊர், எந்தக் கட்டில், பக்கத்தில் யாராவது இருந்தார்களா, கடைசி நாள் தட்டில் வைத்ததைத் தொட்டானா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவள் புருவத்தை உயர்த்தினாள்.

கௌனாக் அவளையே பார்த்தாள். நம்பினாளா என்று ரோடாவால் சொல்ல முடியவில்லை. பிறகு நாற்காலியிலிருந்து குனிந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது இருப்பதுபோல வாயை அருகே கொண்டுவந்து, மிக மெதுவாக ஒரு பெயரைச் சொன்னாள். மார்க்கூசிக்குக் கேட்கவில்லை, கதவோரம் நின்ற லீவாய்க்கும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அவள் எழுந்தாள், மேலங்கியின் முக்காட்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள், படத்தின் ஓரத்துக்கு நடந்துபோனாள். நாற்காலி மட்டும் இருந்தது. மார்க்கூசி அதைப் பார்த்து ம் என்றார், இன்னொரு தடவையும் ம் என்றார். யாரும் வரவில்லை.

உள்ளறையில் நிவி வெள்ளிக்கிழமை விமானத்துக்காகக் குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு அழுகிற பலமும் போய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ரோடா அதன் பக்கத்தில் குனிந்து காதில் பெயரைச் சொன்னாள். குழந்தை வாயைத் திறந்தபடி நிறுத்தியது. நிவி பையைக் கீழே தள்ளிவிட்டு, அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். குழந்தை குடிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தது. ரோடா எண் எழுதிய பட்டை கட்டிய அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பேத்தியை இனிச் சாகிற வரைக்கும் கூப்பிட வேண்டிய முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"அண்ணா," என்றாள். "சாப்பிடு அண்ணா. நீ சாப்பிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."